சீவரத்தினம் விட்ட பக்கங்கள்

எனக்குக் கண் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏழு வயதில் அம்மை போட்டுப் போன பார்வை. அது போனதைவிட, அதற்குப் பிறகு வந்த அனுதாபம்தான் என்னை அதிகமாகப் படுத்தியிருக்கிறது. பிரிக்பீல்ட்ஸில் ரோட்டோரம் நான் நின்றால் போதும், யாராவது கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். பஸ்ஸுக்கு நிற்கிறேன் என்று சொல்ல வாய் திறப்பதற்குள் புண்ணியத்தைச் சேர்த்துக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார்கள். மறுபடியும் நானே கடந்து பழைய இடத்துக்கு வரவேண்டும்.

என் பெயர் ரபேல். அப்பா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர். கோலாலம்பூரில் ஓர் அரசாங்க இலாகாவில் பதினான்கு வருஷமாக நான் டெலிபோன் ஆபரேட்டர். அந்த வேலையில் இருந்துகொண்டே வெளிவாரியாக பி.ஏ. முடித்தேன். அதற்கு ஏழு வருஷம் ஆனது. அப்போது எனக்குப் புத்தகம் வாசித்தவள் என் தங்கை சூசன். சோற்றைக் கிளறிக்கொண்டே வாசிப்பாள், பிடிக்காத பக்கம் வந்தால் எழுதியவனைத் திட்டுவாள், ஆனால் ஒரு வரி விடமாட்டாள். அவள் கல்யாணமாகி ஜொகூருக்குப் போய்விட்டாள்.

எண்பத்தேழில் எங்கள் இலாகாவில் ஒரு பேச்சு கிளம்பியது. ஊனமுற்றோர் சேவைக்கென்று தனியாக ஓர் அதிகாரி பதவி வரப்போகிறதாம். வேலையில் இருப்பவர்களுக்காகப் பல்கலைக்கழகம் ஒன்று அதே துறையில் இரண்டு வருஷ மேற்படிப்பு தொடங்கியிருந்தது. சனிக்கிழமை மத்தியானத்தில் வகுப்பு. அதை எண்பத்தொன்பது முடிவதற்குள் பாஸ் பண்ணினால் அந்தப் பதவிக்கு என் பெயரை எடுத்துக்கொள்வார்கள் என்று டைரக்டர் சொன்னார். ஜனவரியில் ஆளைப் போட்டுவிடுவார்கள், யாருக்காகவும் காத்திருக்க முடியாது என்றும் சொன்னார். நான் அன்றே விண்ணப்பித்தேன்.

வகுப்பில் இருபத்திரண்டு பேர். நர்ஸ், வாத்தியார், சமூகநல ஊழியர் என்று எல்லோரும் வேலை பார்ப்பவர்கள். அத்தனை பேரில், புத்தகங்கள் யாரைப் பற்றி எழுதப்பட்டனவோ அந்த இனத்து ஆள் நான் ஒருவன்தான். என்னால் வாசிக்க முடியாதவையும் அந்தப் புத்தகங்கள்தான். எல்லாம் இங்கிலீஷ் புத்தகங்கள், பிரெயிலில் ஒன்றுகூட இல்லை. கேட்டால், ஏற்பாடு செய்கிறோம் என்பார்கள். இரண்டு வருஷம் ஏற்பாடு நடந்தது.

இந்த நிலைமையில்தான் சீவரத்தினம் அங்கிள் வந்து சேர்ந்தார். முப்பத்தொரு வருஷம் அரசாங்கச் சேவையில் இருந்து, தலைமைக் கிளார்க்காக ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். நான் வாடகைக்கு இருந்த இடத்திலிருந்து நாலு தெரு தள்ளி வீடு. வாசிக்க ஆள் தேடுகிறேன் என்று யார் மூலமோ கேள்விப்பட்டு, தானே வந்து கதவைத் தட்டினார். வாரத்தில் மூன்று நாள், சாயங்காலம் ஐந்தரைக்கு அவர் வீட்டு ஹாலில் வாசிப்பு. அவர் வாசிக்க வாசிக்க கேசட்டில் பதிந்துகொள்வேன். அவர் மனைவி குணபூசணி ஆன்டி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவார்.

மனிதர் என்ன அழகாக வாசித்தார் தெரியுமா. ஒரு தடுமாற்றம் கிடையாது, ஒரு சொல் கடித்துத் துப்பமாட்டார். மூன்றாம் தாளுக்கு ஒரே பெரிய புத்தகம்தான், நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதை இரண்டரை மாதத்தில் முடித்துவிட்டார். மொத்தம் இருபத்து மூன்று கேசட். சூசன்கூட இந்த வேகத்தில் வாசித்ததில்லை என்று நான் அவரைப் புகழ்ந்தேன். அவர் சிரித்துக்கொண்டார். அந்த வேகம் எங்கிருந்து வந்தது என்று அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். கேட்டிருந்தால் கெட்டிருக்கமாட்டேன்.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது விஷயம் வெளியே வந்தது. வகுப்பில் என் பக்கத்தில் உட்காருபவள் உர்சுலா, கிள்ளானில் நர்ஸ். அன்று கேன்டீனில் தே தாரிக் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, ஒன்பதாம் அத்தியாயத்தைப் படித்தாயிற்றா என்று கேட்டாள். கேட்ட குரலில் ஒரு குறும்பு இருந்தது. படித்தேன், குடும்ப வாழ்க்கை பற்றியது, மூன்று பக்கம்தானே என்றேன்.

"மூணு பக்கமா? நாப்பது பக்கம் லா, ரபேல். ஊனமுள்ளவங்க கல்யாணம், படுக்கை, பிள்ளைன்னு ஒண்ணு விடாம எழுதியிருக்கான்."

புத்தகத்தை எடுத்து ஒவ்வோர் அத்தியாயத்தின் துணைத்தலைப்புகளை மட்டும் வாசிக்கச் சொன்னேன். அவள் வாசித்துக்கொண்டே போனாள். பல தலைப்புகள் நான் கேள்விப்பட்டவை. மற்றவை எனக்குப் புதியவை. ஐந்தாம் அத்தியாயத்தில் கடைசிப் பகுதி இல்லை. ஏழில் நடுவிலேயே இருபது பக்கத்தைக் காணோம். ஒன்பதாவதில் அந்த மூன்று பக்கம் போக மீதி முழுசாகவே போயிருந்தது. மற்ற அத்தியாயங்களில் அங்கங்கே விட்டதையும் சேர்த்து இருவரும் உட்கார்ந்து கூட்டிப் பார்த்ததில் ஏறத்தாழ நூற்று முப்பது பக்கம். ஒட்டுப் போட்ட இடம் ஒன்றுகூட எனக்குத் தெரியவில்லை. விட்ட இடத்துக்கும் தொட்ட இடத்துக்கும் நடுவே சொந்தமாக ஒரு வாக்கியம் செய்து, நூலாசிரியன் எழுதியதுபோலவே வாசித்திருக்கிறார்.

கோபம் என்றால் சாதாரணக் கோபம் இல்லை. மினி பஸ்ஸில் வரும்போது கைத்தடியை நான் பிடித்திருந்த பிடியில் விரல் மரத்துப்போனது. நேரே அவர் வீட்டுக்குப் போனேன். அன்று வாசிப்பு நாளில்லை. மனிதர் திடுக்கிட்டுத்தான் கதவைத் திறந்தார்.

எத்தனை பக்கம் விட்டீர்கள் என்று கேட்டேன். மறைக்கவில்லை, மழுப்பவில்லை, அதுதான் என்னை இன்னும் எரித்தது. தான் எதுவும் தவறு செய்ததாகவே அவருக்குத் தோன்றவில்லை. தன் ஆபீஸில், அவர் சொல்லில் கந்தோரில், முப்பத்தொரு வருஷம் இதே வேலையைத்தான் செய்தாராம். மேலதிகாரியிடம் எந்த ஃபைலையும் அப்படியே தூக்கிக் கொடுக்கக்கூடாதாம். வேண்டியதை எடுத்து, வேண்டாததைத் தள்ளி, ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதி மேலே வைப்பதுதான் நல்ல கிளார்க்குக்கு அழகாம். எட்டு டைரக்டர்கள் அவர் குறிப்பை மட்டும் படித்துக் கையெழுத்துப் போட்டார்களாம், ஒருவருக்கும் ஒரு குறை வந்ததில்லையாம். எனக்கும் அதே மரியாதையைத்தான் செய்தாராம்.

"நான் டைரக்டர் இல்ல அங்கிள், நான் பரீட்சை எழுதுறவன்" என்றேன்.

"ஓம் தம்பி, தெரியும். ஆனா சில இடங்களிலே உங்களைப்போல ஆக்களைப் பற்றி எழுதியிருக்கிறது நல்லா இல்லை. அதை வாசிச்சு உமக்கு என்ன வரப்போகுது? மனம்தான் நோகும்."

"நோகட்டும். என் மனசுதானே?"

ஏழாம் அத்தியாயத்தில் விட்ட இடத்தை எடுங்கள், இப்போதே வாசியுங்கள் என்றேன். நாளைக்குப் பார்ப்போம் என்றார். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கடைசியில் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார்.

அந்தப் பக்கங்களில் ஓர் ஆய்வு இருந்தது. பார்வையற்ற அறுபத்து நாலு பேரை டெலிபோன் ஆபரேட்டர்களாக வேலைக்கு வைத்திருக்கிறார்கள். இருபது வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தால், அறுபத்தொரு பேர் அதே நாற்காலியில், அதே வேலையில். முதலாளிகளிடம் கேட்டிருக்கிறார்கள். இவர்களைப்போல நல்ல ஊழியர்கள் கிடையாது, ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த வாக்கியத்தை வாசிக்கும்போது சீவரத்தினம் அங்கிளின் குரல் இறங்கிப்போனது. நான் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னேன்.

வலித்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். பதினான்கு வருஷமாக நானும் ஒன்றும் கேட்டதில்லை. சம்பள உயர்வு கேட்டதில்லை, சுவிட்ச்போர்டை மாற்றச் சொல்லிக் கேட்டதில்லை, பண்டிகைக்கு ஒரு நாள் கூடுதல் லீவு கேட்டதில்லை. அலுவலக விருந்தில் என்னைப் பற்றிப் பேசியவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசினார்கள், ரபேல் தங்கமான மனிதர் என்று. அந்த அறுபத்தொரு பேரில் ஒருவனாக என்னை, நூலை எழுதிய அந்த வெள்ளைக்காரன் எழுதி வைத்திருக்கிறான். எனக்கு ஒரு மாதத்துக்கு முன்பே இது தெரிந்திருந்தால் இதை வைத்து ஒரு கட்டுரையே எழுதியிருப்பேன். அதைத்தான் இந்த மனிதர் என் மனம் நோகும் என்று எடுத்து ஒளித்து வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து தினமும் வாசிப்பு. ரோஷக்காரர் அல்லவா, இப்போது எதையும் விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டார். பக்க எண்ணை வாசித்தார். அடிக்குறிப்பை வாசித்தார். அடிக்குறிப்பில் உள்ள புத்தகங்களின் பெயர், அச்சிட்ட ஊர், வருஷம் எல்லாவற்றையும் வாசித்தார். அது வேண்டாம் அங்கிள் என்று நான் கெஞ்சினால், எது வேணும் எது வேண்டாம் எண்டு இனி நான் முடிவெடுக்க மாட்டன் தம்பி என்றார். ஒரு மணி நேரத்தில் ஐந்து பக்கம் நகர்ந்தது. அழுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. இப்படியே பத்து நாள் போனதில் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நாலு நாள் காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. ஆன்டி கொத்தமல்லி காய்ச்சிக் கொடுத்துப் பார்த்தார். பரீட்சைக்கு ஒரு வாரம் இருந்தது.

மீதி இருந்தது ஒன்பதாம் அத்தியாயம். குரல் திரும்பியதும் அதை எடுங்கள் என்றேன். சீவரத்தினம் அங்கிள் இருமினார், தண்ணீர் குடித்தார், ஃபேனைக் கூட்டி வைத்தார். பிறகு தாழ்ந்த குரலில், மற்றதெல்லாம் வாசிப்பேன், இதை மட்டும் பூசணி வீட்டிலே இருக்கேக்கை வாசிக்க ஏலாது தம்பி என்றார். ஆன்டியைக் கோயிலுக்கு அனுப்புங்கள் என்றேன். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது என்றார். முப்பத்தொரு வருஷம் அரசாங்கத்துக்கே குறிப்பு எழுதிக் கொடுத்த மனிதருக்கு, மனைவியிடம் சொல்ல ஒரு காரணம் அகப்படவில்லை.

வேறு ஆளைத் தேடினேன். என் வீட்டுக்கார இராஜம்மா அக்காவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். அலுவலகத்தில் கேட்கலாம் என்றால், இந்த அத்தியாயத்தை அங்கே யாரை வாசிக்கச் சொல்வது? மறுநாளே ஊர் முழுக்கத் தமுக்கு அடித்துவிடுவார்கள். கடைசியில் உர்சுலாவிடம் கேட்டேன். இதிலெல்லாம் என்ன வெட்கம், நான் நர்ஸ் லா என்று வீராப்பாகச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிரிக்பீல்ட்ஸ் கோயிலுக்கே வந்தாள். பூசை முடிந்ததும் கோயில் வளாகத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினாள்.

இரண்டு பக்கம் நன்றாகத்தான் போனது. மூன்றாம் பக்கத்தில் குரல் மெலிந்தது. அந்த நேரம் பார்த்தா பங்குச்சாமி அந்தப் பக்கம் வரவேண்டும்? "என்ன ரபேல், பைபிள் வாசிப்பா?" என்று அன்பாகக் கேட்டுவிட்டு, பக்கத்திலேயே நின்றுகொண்டார். உர்சுலா புத்தகத்தை மூடிய சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. புருஷன் வெளியே காரில் காத்திருக்கிறார், மத்தியானம் டூட்டி இருக்கிறது, நேரமாகிவிட்டது என்று ஒரே மூச்சில் மூன்று காரணம் சொல்லிவிட்டுக் கிள்ளானுக்குப் போய்ச் சேர்ந்தாள். அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. கல்யாணமாகாத ஒரு குருடனுக்கு, கல்யாணமான ஒரு பெண் கோயில் வாசலில் உட்கார்ந்து அதையெல்லாம் வாசித்தாள் என்றால் நம் ஆட்கள் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் ஆத்திரம் ஆத்திரம்தான். என்னைப் போன்றவர்கள் எப்படி வாழலாம் என்று எழுதிய நாற்பது பக்கத்தை என் காதில் போட ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

மூன்றாம் தாள் பரீட்சையன்று எனக்குத் தனி அறை, தனி டைப்ரைட்டர். கேள்வித்தாளை வாசிக்க ஒரு மேற்பார்வையாளரை வைத்திருந்தார்கள். முதல் கேள்வி, கட்டாயக் கேள்வி. ஊனமுற்றோரின் திருமண வாழ்க்கைக்குச் சேவை நிறுவனங்கள் எவ்வாறு தடையாகின்றன, நூலாசிரியர் காட்டும் சான்றுகளுடன் விவாதிக்கவும். மேற்பார்வையாளர் அதைப் படித்துவிட்டு, மறுபடியும் படிக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். முப்பத்தொன்பது வயதுவரை கல்யாணமாகாமல் இருப்பதுதான் என் கையில் இருந்த ஒரே சான்று. நூலாசிரியருக்குப் பதிலாக அதைத்தான் டைப் அடித்தேன். பெண் வீட்டார் இரண்டு முறை வந்து போன கதை, நல்ல பையன்தான் ஆனால் என்று இழுத்த இழுப்பு, எல்லாவற்றையும் அடித்தேன். மற்றக் கேள்விகளை நன்றாகவே செய்தேன். நாலாம் கேள்வி ஏழாம் அத்தியாயத்திலிருந்து வந்திருந்தது. அதற்குப் பதினோரு பக்கம் எழுதினேன்.

டிசம்பர் மூன்றாம் வாரம் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. சனிக்கிழமை மத்தியானம் இராஜம்மா அக்கா அதைக் கொண்டுவந்து கையில் கொடுத்து, முத்திரை இருக்கிறது, பெரிய இடத்துக் கடிதம் போல என்றார். கீழே இருந்த மருந்துக்கடைச் சீனரிடம் கொடுத்தால் ஒரு நிமிஷத்தில் வாசித்துச் சொல்லியிருப்பார். நான் கொடுக்கவில்லை. ஐந்தரை மணிவரைக்கும் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சீவரத்தினம் அங்கிள் இதை எப்படி வாசிக்கிறார் என்று பார்க்க வேண்டும் போல எனக்கு ஒரு வெறி இருந்தது. அவர் இனிப்புத் தடவி ஏதாவது சொன்னால், திரும்பி வரும்போது மருந்துக்கடையில் சரிபார்த்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படி ஏறவே கூடாது என்றும் முடிவு செய்திருந்தேன்.

அவர் உறையைக் கத்தரிக்கோலால் நறுக்கினார். காகிதத்தை விரித்தார். இரண்டு காகிதம் இருக்கிறது என்று சொன்னார். பிறகு முதல் காகிதத்தை, தேதியிலிருந்து தொடங்கி வாசித்தார். முதல் தாளில் மார்க் அறுபத்தொன்று. இரண்டாம் தாள் ஐம்பத்தெட்டு. மூன்றாம் தாள் நாற்பத்து மூன்று. ஐம்பது எடுத்தால்தான் பாஸ்.

"பெயில்" என்றார். அந்தச் சொல்லை மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை.

மறு பரீட்சை ஜூன் மாதம் என்று அதிலேயே போட்டிருந்தது. ஜூனில் நான் நூறு எடுத்து என்ன பிரயோஜனம்? ஜனவரியில் அந்த நாற்காலியில் வேறு ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவருக்கு வரும் டெலிபோனை நான்தான் இணைத்துக் கொடுக்க வேண்டும். அறுபத்தொரு பேரோடு அறுபத்திரண்டாவது ஆள். நான் அழுதேன். அவர் முன்னால் அழக்கூடாது என்று நினைத்தும் அடக்க முடியவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டாவது காகிதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். பரீட்சகரின் குறிப்பு என்றார். வாசிக்கச் சொன்னேன்.

அவர் தொடங்கினார். மாணவரின் எழுத்தில் வேகம் இருக்கிறது, நாலாம் கேள்விக்கான விடை சொந்த அனுபவத்தின் வலுவோடு அமைந்திருக்கிறது என்று இரண்டு வரி. அங்கே நின்றார். காகிதம் சற்றே சரசரத்தது. அவர் கண் முன்னே ஓடிவிட்டது, வாய் பின்தங்கி நிற்கிறது என்று எனக்குப் புரிந்தது. வாசியுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அவர் வாசித்தார். "ஆனால் விதிக்கப்பட்ட நூலை இந்த மாணவர் முழுமையாக வாசித்ததாகத் தெரியவில்லை. ஒன்பதாம் அத்தியாயத்தை அவர் திறந்தே பார்த்ததில்லை என்பது வெளிப்படை. பட்டமேற்படிப்பு படிக்கும் ஒருவரிடம் இந்த அலட்சியத்தை எதிர்பார்க்கவில்லை."

அலட்சியம் என்ற சொல்லையும் அவர் விடவில்லை. கீழே கையெழுத்து, பெயர், பதவி எல்லாவற்றையும் வாசித்துவிட்டுத் தாளை மடித்து உறைக்குள் போட்டார். சமையலறையிலிருந்து குணபூசணி ஆன்டி, ரிசல்ட் என்னவாம் என்று குரல் கொடுத்தார்.

"தம்பி பெயில்" என்றார் சீவரத்தினம் அங்கிள். "நான்தான் பெயிலாக்கினனான்."

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. அப்படியெல்லாம் இல்லை அங்கிள், உங்கள்மேல் என்ன தப்பு என்று இந்த இடத்தில் சொல்வதுதான் மரியாதை. அவர் வயதுக்கு, குடித்த காப்பிக்கு, கட்டிப்போன அந்தத் தொண்டைக்கு நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். அவரும் அதற்காகக் காத்திருப்பது போலத்தான் இருந்தது. நான் சொல்லவில்லை.